எம். ரோகிணியும் வீ. ரோகிணியும்

கல்லூரி வாசலில் அந்த ஃபிளெக்ஸ் கட்டிய அன்று, ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். ரோகிணி மட்டும் நகரவில்லை. வெயிலில் நின்று வரி வரியாகப் படித்தாள்.

'பல்துறை ஆய்வுச் சாதனையாளர் முனைவர் எம். ரோகிணி, மேலாண்மைத் துறை' என்று மேலே போட்டிருந்தது. நடுவில் பட்டுச்சேலையில் சிரிக்கிற ஒரு முகம். கீழே மருத்துவம், வேளாண்மை, கட்டடப் பொறியியல், புள்ளியியல் என்று துறைகளின் வரிசை, எதில் எத்தனை கட்டுரை, அந்தக் கட்டுரைகளை உலகத்தில் எத்தனை ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்கள். எல்லாவற்றுக்கும் அடியில், அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரையின் தலைப்பைப் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். கருவுற்ற பெண்களின் ரத்தசோகை பற்றிய ஆய்வில் பாதியில் வராமல் நின்றுபோனவர்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பது அந்தக் கட்டுரை.

அது இவள் எழுதியது. முகம்தான் இவளுடையது இல்லை.

அந்தக் கல்லூரியில் இரண்டு ரோகிணிகள். மேலாண்மைத் துறையில் இருப்பவள் எம்பிஏ ரோகிணி. அவளுடைய அப்பா முத்தப்பன், அதனால் எம். ரோகிணி. அவள் தாளாளரின் தங்கைக்கு மருமகளும்கூட. கணிதத் துறையில் புள்ளியியல் நடத்துகிற இவளை எல்லோரும் கணக்கு ரோகிணி என்பார்கள். முன்னால் இல்லாதபோது 'சண்டைக்காரி' என்பார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. வினாத்தாளில் ஒரு புள்ளி இடம் மாறினால் தாள் தயாரித்தவரை அழ வைப்பாள். துறைத்தலைவர் அறையில் அவள் குரல் கேட்டால் மற்றவர்கள் வகுப்புக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அவளும் ஒரு காலத்தில் எம். ரோகிணிதான். தேவகோட்டையில் அரசு பஸ் கண்டக்டர் மெய்யநாதனின் மகள். காரைக்குடியில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, தேவகோட்டை மருத்துவர் ஜாஹிதா ஒரு கட்டுத் தாள்களைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார். சுற்றுவட்டாரக் கர்ப்பிணிகளின் ரத்தப் பரிசோதனை. முதல் தடவை வந்தவர்களில் நிறையப் பேர் இரண்டாம் தடவை வரவில்லை.

"வராதவுகளை விட்டுட்டு மிச்சத்துக்குக் கணக்குப் போட்டுத் தா. எல்லாரும் அப்படித்தான் போடுறாக" என்றார் ஜாஹிதா.

"வராதவுகதான் டாக்டர் ரொம்பச் சிரமத்துல இருக்கறவுக. அவுகளை விட்டுட்டா உங்க மாத்திரை எல்லாரையும் குணப்படுத்துன மாதிரில்ல தெரியும்" என்றாள் ரோகிணி.

வராதவர்களைத் தேடி இரண்டு பேருமாக ஊர் ஊராகப் போனார்கள். கொஞ்சம் பேரைப் பிடித்தார்கள். அந்தக் கொஞ்சத்தை வைத்து மிச்சப்பேரைக் கணிக்க ரோகிணி ஒரு முறையை உண்டாக்கினாள். அதுதான் அந்தக் கட்டுரை. கால்நடை மருத்துவர்கள் அதைப் படித்துவிட்டு ஆட்டுத் தீவனக் கணக்கோடு வந்தார்கள். பழைய வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சைச் சோதித்துக்கொண்டிருந்த பொறியாளர்கள் வந்தார்கள். தொண்டிப் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள் வந்தார்கள். எல்லோருடைய ஆய்விலும் யாரோ விடுபட்டிருந்தார்கள், எதுவோ உடைந்திருந்தது. கணக்கைச் சரிசெய்ய ரோகிணி வேண்டியிருந்தது.

அப்புறம் கல்யாணம். மாப்பிள்ளை வீரபாண்டியன், காரைக்குடி செக்காலையில் டைல்ஸ் கடை. கல்யாணமான புதிதில் அவனே அவளுடைய அடையாள அட்டைகளையெல்லாம் வாங்கிக்கொண்டு போய் இனிஷியலை மாற்றிக் கொண்டுவந்தான். "இன்னும் என்ன ஒங்கப்பன் எழுத்து?" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். வாழ்க்கையில் அவள் சண்டை போடாமல் விட்டது அந்த ஒன்றுக்குத்தான். அதற்குப் பிறகு எழுதிய கட்டுரைகளிலெல்லாம் அவள் வீ. ரோகிணி.

சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. "கணக்கு டீச்சருக்கும் ஆட்டுத் தீவனத்துக்கும் என்னடி சம்பந்தம்? எவன் எவனோடயோ ஊர் ஊராச் சுத்துறதுக்குப் பேரு ஆராய்ச்சியா?" என்று அவன் ஆரம்பித்தான். வீட்டுக்குள் தட்டுகள் பறந்தன. கடைசியில் நீதிமன்றம் போய் இரண்டு பேரும் பிரிந்தார்கள். அவன் போனான், அவனுடைய 'வீ' போகவில்லை. பாதி உழைப்பு அந்த எழுத்தின் கீழே அச்சாகியிருந்தது. கல்லூரியில் 'எம்'முக்கு வேறொரு ரோகிணி இருந்தாள், புதிதாக இன்னொரு பெயர் வைத்துக்கொண்டால் மூன்றாவது ஆளாகிவிடுவாள்.

கல்லூரியிலும் அவளுக்கு நல்ல பெயர் இல்லை. இணைப் பேராசிரியர் பதவிக்கு அவள் விண்ணப்பித்தபோது, ஆய்வுப்புல முதன்மையர் வெங்கட்ராமன் அவளுடைய கட்டுரைகளைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரத்தசோகை, ஆடு, சுண்ணாம்பு. இதுல கணிதம் எங்க இருக்கு? ஒரு துறையில ஆழமாப் போகணும்மா. இப்படி எல்லாத்துலயும் கால வச்சா எதுக்கும் உதவாது." பதவி கிடைக்கவில்லை. அந்த வெங்கட்ராமன்தான் இப்போது வாசலில் 'பல்துறைச் சாதனையாளர்' என்று ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார். தர மதிப்பீட்டுக் குழு அடுத்த மாதம் வருகிறது.

ரோகிணி நேராக மேலாண்மைத் துறைக்குப் போனாள்.

"வாங்க மேடம். ஃபிளெக்ஸ் பாத்தீகளா?" என்றாள் எம்பிஏ ரோகிணி.

"பாத்தேன். அது என் கட்டுரை."

"எது?"

அவள் நடிக்கவில்லை. எதைச் சொல்கிறாள் என்று நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் ரோகிணிக்குத் தலைக்கேறியது.

"ரத்தசோகைக் கட்டுரை. நான் எம். ரோகிணியா இருந்தப்ப எழுதுனது. அது எப்படி உங்க பேர்ல வந்துச்சு?"

"நம்ம கட்டுரைகளைத் திரட்டுற வெப்சைட்ல பதியச் சொன்னாகல்ல? எம். ரோகிணின்னு அடிச்சேன். இதெல்லாம் உங்க கட்டுரையான்னு அதுவே ஒரு பட்டியலைக் காட்டிக் கேட்டுச்சு. ஆமான்னு அமுக்குனேன்."

"எல்லாத்துக்குமா?"

"ஒவ்வொண்ணா அமுக்க யாருக்கு மேடம் நேரம் இருக்கு? மொத்தமா அமுக்கறதுக்குப் பட்டன் இருக்கு."

"நீங்க எழுதலைன்னு உங்களுக்கே தெரியாதா?"

எம்பிஏ ரோகிணியின் முகம் மாறியது. "இத்தனை வருசமா கேட்பாரத்துக் கெடந்துச்சு. வேணும்னா நீங்க எடுத்துச் சேத்து வச்சிருக்கணும். ஃபிளெக்ஸ் கட்டுனதுக்கு அப்பறம் வந்து குதிக்கிறீக. வயித்தெரிச்சல்னுதான் நாலு பேரு சொல்லுவாக."

அந்த இணையதளத்தில் ரோகிணி பதியவே இல்லை என்பது உண்மை. சுற்றறிக்கை வந்தபோது, "படிக்கிறவன் படிப்பான், எண்ணிக்கிட்டு உக்கார எனக்கு நேரமில்லை" என்று கசக்கிப் போட்டவள் அவள். அது நினைவுக்கு வந்ததும் ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

வெங்கட்ராமன் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "கட்டுரையில எம். ரோகிணின்னு இருக்கு. அந்தம்மா எம். ரோகிணி. நீங்க வீ. ரோகிணி. இதுல நான் என்ன செய்யட்டும்?"

"கல்யாணத்துல இனிஷியல் மாறுச்சு சார். உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சா ஆச்சா? எழுத்து மூலமா புகார் கொடுங்க. பேர் மாறினதுக்கு ஆதாரமா திருமணச் சான்றிதழ் கொண்டுவாங்க. அப்புறம் பார்க்கலாம்."

ரோகிணி வெளியே வந்து குமாஸ்தாவின் மேசை ஓரத்தில் நின்றபடியே ஒரு தாளை உருவிப் புகாரை எழுதினாள். 'எம். ரோகிணி என்ற பெயரில் இப்பட்டியலில் உள்ள கட்டுரைகள் அனைத்தும் என்னுடையவை.' விடைத்தாளில் 'அனைத்தும்' என்று எவனாவது எழுதினால், எண்ணிப் பார்த்தாயா என்று சிவப்பு மையால் கேட்கிறவள், அந்தச் சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். திருப்பிப் படிக்கவில்லை.

சான்றிதழ் வீரபாண்டியனிடம் இருந்தது. செக்காலைக் கடையில் அவன் வாடிக்கையாளர் ஒருவருக்குத் தரை ஓடுகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். இவளைக் கண்டதும் வேண்டுமென்றே இன்னும் நான்கு ஓடுகளை எடுத்து விரித்தான். வாடிக்கையாளர் போகும்வரை அவள் நின்றாள்.

"என்ன?" என்றான்.

"கல்யாணச் சர்டிபிகேட் வேணும். காலேஜ்ல கேக்குறாக."

"கோர்ட்டுல என்ன சொன்ன? என் இனிஷியல் ஒன் கழுத்தைப் புடிக்குதுன்னு ஜட்ஜ் முன்னாடி சொன்னியா இல்லியா? இப்ப அதுக்குச் சர்டிபிகேட் கேட்டு வாசல்ல வந்து நிக்கிற."

"குடுக்கிறியா, இல்லையா?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்." கடை ஆட்களைப் பார்த்துச் சிரித்தான். அவர்கள் குனிந்துகொண்டார்கள்.

"நீ கிழிச்சா பதிவு ஆபீசுல இருக்கறதும் கிழிஞ்சிருமா?" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தெருமுனை திரும்பும்வரை நிமிர்ந்து நடந்தாள். அப்புறம் மூடியிருந்த ஒரு கடைப்படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பதிவு அலுவலகம் போய் நகலுக்கு விண்ணப்பித்தாள்.

நகல் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது.

எம்பிஏ ரோகிணியின் பட்டியலில், சர்க்கரை நோயாளிகளின் ஈறு பற்றிய ஒரு கட்டுரை இருந்தது. அதை வெளியிட்ட ஆய்விதழ் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதில் உள்ள நோயாளிகள் யாரும் நிஜத்தில் இல்லை, எண்கள் இட்டுக்கட்டியவை என்று காரணம் சொன்னது. இணையதளத்தில் அந்தத் தலைப்பின் மேல் சிவப்பில் குறி விழுந்தது. யாரோ பெயர் போடாமல் அதைப் படம் பிடித்துத் தாளாளருக்கும் மதிப்பீட்டுக் குழுவுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

வெங்கட்ராமன் ரோகிணியைக் கூப்பிட்டு அனுப்பினார். எம்பிஏ ரோகிணி ஏற்கெனவே அங்கே தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவர் ரோகிணியின் புகாரை மேசையில் அவள் பக்கமாகத் தள்ளினார்.

"இது உங்க கையெழுத்துதானே? படிங்க."

அவள் படித்தாள்.

"அனைத்தும் என்னுடையவைன்னு நீங்கதான் எழுதிக் கொடுத்திருக்கீங்க. அந்தம்மா தெரியாம அமுக்கிட்டேன்னு சொல்றாங்க. அப்ப இந்தப் போலிக் கட்டுரையும் உங்களதுதானே? ஏன் உங்கமேல நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு விளக்கம் கொடுங்க."

ரோகிணி தாளை அவர் பக்கமே தள்ளிவிட்டுத் திரும்பினாள். அந்த அறையிலிருந்து அவள் குரலை உயர்த்தாமல் கிளம்பியது அதுதான் முதல் தடவை. எம்பிஏ ரோகிணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுடைய வளையல்கள் மட்டும் மடியில் மெதுவாக உரசிக்கொண்டன.

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு வெங்கட்ராமன்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. ஒரு சொல். விட்டுப்போனவர்களைச் சேர்ப்பதற்கு அத்தனை பாடுபட்டவள், தனக்குச் சொந்தமில்லாததைச் சேர்த்துக்கொண்டு வந்து நிற்கிறாள். வீட்டுக்கு வந்ததும் ஜாஹிதாவுக்குப் போன் செய்தாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"ஒனக்கு வாய்க்கும் கைக்கும் நடுவுல ஒரு கதவு வேணும்டி" என்றார். "சரி, அந்தப் பல்லுக் கட்டுரையை யாரு எழுதுனதுன்னு பாத்தியா?"

ரோகிணி பார்க்கவில்லை.

விசாரணைக்குத் தாளாளர் வந்திருந்தார். வெங்கட்ராமன், இரண்டு ரோகிணிகள், குறிப்பெழுத ஒரு குமாஸ்தா. ரோகிணி ஒரு கோப்போடு போனாள். ஆரம்பிக்கச் சொல்வதற்கு முன்பே ஒரு தாளை எடுத்துத் தாளாளர் முன்னால் வைத்தாள்.

"ஐயா, இது அந்தப் பல்லுக் கட்டுரையோட முதல் பக்கம். எழுதுனவர் பேரைப் பாருங்க. மனோகர் ரோகிணி. சுருக்குனா எம். ரோகிணி. வடக்கே ஒரு பல் டாக்டர். ஆம்பளை. ரோகிணிங்கறது அவரோட குடும்பப் பேரு. ஊரு, ஆஸ்பத்திரி எல்லாம் அதுலயே போட்டிருக்கு."

தாளாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

ரோகிணி எம்பிஏ ரோகிணியின் பக்கம் திரும்பினாள். "உங்க பேர்ல இத்தனை நாளு இருந்துச்சே, இதைப் படிச்சீகளா?"

"முழுசாப் படிக்கலை."

"முதல் பக்கம்?"

எம்பிஏ ரோகிணி வெங்கட்ராமனைப் பார்த்தாள்.

"சார், நீங்க? உலகச் சாதனைன்னு ஃபிளெக்ஸ் அடிச்சீகளே, ஒண்ணையாவது திறந்து பாத்தீகளா?"

"அறிக்கைக்கு எண்ணிக்கை போதும்" என்றார் வெங்கட்ராமன். உடனே குரலை உயர்த்தினார். "எங்களைக் கேக்குறீங்களே, நீங்க திறந்து பாத்தீங்களா? பாத்திருந்தா அனைத்தும்னு எழுதியிருப்பீங்களா?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. அவள் கழுத்து சிவந்தது.

"பாக்கலை" என்றாள். "கோவத்துல எழுதிட்டேன். அது தப்பு. அந்தப் புகாரைத் திரும்ப வாங்கிக்கிறேன். இந்தாங்க, புதுப் புகார். எது எது என்னோடதுன்னு தலைப்புப் போட்டு எழுதியிருக்கேன். எம். ரோகிணி வீ. ரோகிணி ஆனதுக்குப் பதிவு ஆபீஸ் நகல் இது. கூட எழுதுன டாக்டர் ஜாஹிதாவோட கடிதம் இது. பட்டியல்ல மிச்சம் இருக்கற கட்டுரைக்கெல்லாம் சொந்தக்காரங்க எந்த எந்த ஊர்ல இருக்காகன்னு முதல் பக்கத்தைப் பாத்து எழுதி வச்சிருக்கேன். எம்பிஏ மேடம் எழுதுனது அதுல ரெண்டு. ரெண்டும் நம்ம காலேஜ் மலர்ல வந்தது."

எம்பிஏ ரோகிணி எழுந்துகொண்டாள். அழுகையா கோபமா என்று தெரியாத குரலில், "எல்லார் முன்னாடியும் என்னை இப்படி அவமானப்படுத்தணும்னே வந்திருக்கீக" என்றாள்.

"ஆமா" என்றாள் ரோகிணி.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார். "விசயம் இந்த ரூமைத் தாண்டக் கூடாது. ஃபிளெக்ஸை எறக்கிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. எம்பிஏ ரோகிணிக்கு எச்சரிக்கைக் கடிதம்கூடப் போகவில்லை.

ஆனால் வெங்கட்ராமன் உட்கார்ந்து ஒரு கூட்டல் போட்டார். எம். ரோகிணியையும் வீ. ரோகிணியையும் ஒரே ஆளாகச் சேர்த்தால், கழற்றிய ஃபிளெக்ஸில் இருந்ததைவிட மேற்கோள் எண்ணிக்கை அதிகம் வந்தது. மதிப்பீட்டுக் குழு வருவதற்குள் கணிதத் துறை அறைக்கு அவரே நடந்து வந்தார்.

"ஒரு நல்ல போட்டோ கொடுங்கம்மா. புது ஃபிளெக்ஸ் அடிக்கணும்."

"ஆடும் சுண்ணாம்பும் கணிதமில்லைன்னு சொன்னீக."

"அது அப்போ."

"போட்டோ கிடையாது. என் பேரைப் போடவும் கூடாது."

அவர் கேட்கவில்லை. அடையாள அட்டையில் இருந்த பழைய படத்தைப் பெரிதாக்கி, 'பல்துறைச் சாதனையாளர் முனைவர் வீ. ரோகிணி' என்று அடித்து அதே வாசலில் கட்டினார்கள். மறுநாள் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கிய ரோகிணி அதைப் பார்த்தாள். அந்த 'வீ' அவள் தலையைவிடப் பெரிதாக இருந்தது. காவலாளி அறைக்குள் போய், இளநீர் சீவ அவர் வைத்திருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, வேணாம்மா, என் வேலை போயிரும்" என்று காவலாளி பின்னாலேயே ஓடிவந்தார்.

"நான் அறுத்தேன்னு எழுதிக் குடுக்கிறேன். நீங்க அங்குட்டுப் போங்க."

கயிறு இரண்டு வெட்டில் அறுந்தது. ஃபிளெக்ஸ் ஒரு பக்கமாகச் சரிந்து குரோட்டன்ஸ் தொட்டிகளின் மேல் விழுந்தது. இறங்கிக்கொண்டிருந்த ஆசிரியர்கள் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அவள் அரிவாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முதல் மணிக்கு வகுப்புக்குப் போய்விட்டாள்.

கல்லூரிச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக மெமோ வந்தது. அந்த வருடமும் பதவி உயர்வு இல்லை. இந்தத் தடவை காரணம் நடத்தை. அவள் இணையதளத்தில் முதன்முறையாகப் பதிந்து, தன் கட்டுரைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தன் பக்கத்தில் சேர்த்தாள். சேர்த்து முடித்ததும் அந்தப் பக்கத்தை வெளியார் பார்க்க முடியாதபடி பூட்டினாள். கல்லூரியின் எண்ணிக்கை சரிந்தது. வெங்கட்ராமன் நடைவழியில் நிறுத்திக் கத்தினார். "ரேங்க் போயிடும்மா! நம்ம எல்லாருக்கும்தானே அசிங்கம்?"

"போகட்டும் சார்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பாசி எடுக்கும் பெண்கள் பற்றிய அடுத்த கட்டுரை அச்சுக்குப் போனபோது, கூட எழுதியவர்கள் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்டார்கள். கொஞ்சம் யோசித்து, ரோகிணி மெய்யநாதன் என்று போடச் சொன்னாள். கட்டுரை வந்தது. இணையதளம் அதை அவளோடு சேர்க்கவில்லை. யாரோ புது ஆள் என்று தனிப் பக்கம் திறந்து, ஒரு கட்டுரை, மேற்கோள் பூஜ்யம் என்று காட்டியது. அவள் அதைத் திருத்தவில்லை.

எம்பிஏ ரோகிணி இன்னும் அதே ஸ்டாஃப் பஸ்ஸில்தான் வருகிறாள். அவள் முன் இருக்கையில், இவள் கடைசியில். ஒருநாள் சாயங்காலம் கோவிலூர் தாண்டி பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி நிழலுக்கு ஒதுங்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்து எம்பிஏ ரோகிணி மெல்லப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், நான் ஒரு சர்வே ஆரம்பிச்சிருக்கேன். நானே பண்றேன், நிஜமாவே. சந்தைக்கு வர்ற பொம்பளைகள்ட்ட. பாதிப் பேரு பதில் சொல்லாமப் போயிட்டாக. கணக்கு மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுப்பீகளா?"

ரோகிணி அவளைப் பார்த்தாள்.

"மாட்டேன்."

எம்பிஏ ரோகிணி தலையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். மாற்று பஸ் வரும்வரை இரண்டு பேரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.